தந்தையார் விட்டுச்சென்ற வீடு

தமிழில் 'வீடு' என்னும் சொல் இரு பொருளில் வழங்கி வருகிறது. நாம் குடியிருக்கும் இல்லமும் வீடே. பற்றுகளினின்று விடுபட்ட நிலையும் வீடே. அறம், பொருள், இன்பம், வீடு என்று நம் முன்னோர் உறுதிப்பொருள்களை நான்காக வகுத்தபோது இறுதியில் நிறுத்திய சொல் இதுதான். 'விடு' என்னும் வேரிலிருந்து இச்சொல் பிறந்தது என்பர். மனிதன் மிக இறுகப் பற்றிக்கொள்ளும் உடைமைக்கு, விடுதலையைக் குறிக்கும் சொல்லே பெயராக அமைந்திருப்பது சிந்தனைக்கு உரியது.

இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று மோதும் வேளை ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பத்திலும் வருகிறது. பெற்றோருள் ஒருவர் மறைகிறார். முப்பதாம் நாள் திருப்பலிக்கு வெளியூர்களிலிருந்து பிள்ளைகள் வந்து கூடுகின்றனர். பகலுணவுக்குப் பின் கூடத்தில் எல்லாரும் அமர்ந்திருக்கையில், எவரேனும் ஒருவர் தயங்கித் தயங்கித் தொடங்குகிறார்: "வீட்டை என்ன செய்யலாம்?" வைத்திருக்கலாம், திருத்தியோ இடித்தோ மாற்றிக் கட்டலாம், விற்கலாம். இந்த மூன்றைத் தவிர வேறு வழி இல்லை. எனினும், இம்மூன்றில் ஒன்றைத் தேர்வதற்குள் எத்தனை உடன்பிறப்புகள் பேச்சை முறித்துக்கொள்கின்றனர்! எத்தனை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் கிடக்கின்றன!

விலை என்ன, வசதி என்ன, ஊரார் என்ன சொல்வார்கள் என்னும் அளவுகோல்களைக் கொண்டே இவ்வினாவை நாம் அளந்து பழகிவிட்டோம். பாசம் மிகுந்தவர்கள் நினைவுகளையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வர். ஆனால் இது முதன்மையாக ஓர் அறவினா. பொருளைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் இது மனிதர்களைப் பற்றியது. இதைத் தெளிவாகக் காண ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஒரு சிற்றூர். பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் காலமாகிவிட்டார். உயில் ஏதும் எழுதவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர் கட்டிய வீடு. சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுவர், மங்களூர் ஓடு, முன்புறம் திண்ணை, கொல்லைப்புறத்தில் கழிப்பறை. அவருடைய மனைவிக்கு வயது எழுபத்து நான்கு. மூத்த மகன் பெங்களூரில் பணிபுரிகிறார். மகள் திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். இளைய மகன் மஸ்கட்டில். வீட்டின் பக்கவாட்டு அறையில் தையற்காரர் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறார். மூத்தவர் விற்கலாம் என்கிறார். இளையவர் இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டலாம், பணம் நான் அனுப்புகிறேன் என்கிறார். மகளோ, அப்பா கட்டிய வீடு அப்படியே இருக்கட்டும் என்கிறார். மூவரும் நல்லவர்கள். மூவரிடமும் நியாயம் இருக்கிறது. இனி என்ன செய்வது?

யாருடைய வீடு?

என்ன செய்வது என்று கேட்பதற்கு முன், யாருடையது என்று கேட்க வேண்டும். இங்கேயே பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் நம் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கணவர் உயில் எழுதாமல் இறந்து, மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு உரியது. எஞ்சிய இரு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். மகன், மகள் என்னும் வேறுபாடு அச்சட்டத்தில் இல்லை. நாம் எண்ணிய குடும்பத்தில் வீட்டை ஒன்பது பங்காக்கினால், அன்னைக்கு மூன்று பங்கு; பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பங்கு.

இந்தக் கணக்கைச் சற்று உற்று நோக்குவோம். அவ்வீட்டில் மிகப் பெரிய பங்குக்கு உரியவர் அன்னையே. ஆனால் கூடத்தில் நடக்கும் பேச்சில் அவர் எங்கே இருக்கிறார்? பெரும்பாலும் அடுக்களையில், வந்தவர்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருக்கிறார். முடிவு எடுத்தபின் அவரிடம் அறிவிக்கப்படுகிறது. "உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள், ஐயா" என்று அவர் சொல்லும் சொல் சம்மதமாகக் கொள்ளப்படுகிறது. அது சம்மதமா, அல்லது பிள்ளைகளின் மனம் கோணக்கூடாது என்னும் அச்சமா என்பதை எவரும் ஆராய்வதில்லை.

அடுத்து மகளின் நிலை. கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் தமிழகத்தோடு இணைவதற்கு முன் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கே 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மகளுக்குக் கிடைத்தது மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய். இவற்றுள் எது குறைவோ அது. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் என்னும் பெண்மணி தொடுத்த வழக்கில், 1951 முதலே அச்சட்டம் அங்குச் செல்லாது, 1925ஆம் ஆண்டின் சட்டமே செல்லும் என உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. ஆக, சட்டத்தின் குழப்பம் நீங்கிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. வழக்கத்தின் குழப்பம்தான் நீங்கவில்லை.

"தங்கைக்குத்தான் சீதனம் கொடுத்தாகிவிட்டதே" என்னும் சொல்லை நாம் கேட்டிருக்கிறோம். 1961ஆம் ஆண்டின் சட்டம் வரதட்சணையைக் குற்றம் என்று விலக்கிய பின்னும், அதையே பாகப் பிரிவினையில் வரவாக எழுதுவது ஒரு தவற்றின் மேல் இன்னொரு தவற்றைக் கட்டுவதாகும். கொடுத்த பணமும் நகையும் அவள் கைக்கு வந்தனவா, மணமகன் வீட்டாரின் கைக்குச் சென்றனவா என்பதையும் எண்ண வேண்டும். அவள் தன் பங்கைத் தானே விரும்பி விட்டுக்கொடுக்கலாம். அது அவள் உரிமை. ஆனால் விட்டுக்கொடுப்பது என்றால், விடும் பொருளின் மதிப்பு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'மாட்டேன்' என்று சொன்னாலும் அண்ணன் வீட்டு வாசல் தனக்கு அடைபடாது என்னும் உறுதி இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் எழுதப்படும் விடுதலைப் பத்திரம் சட்டத்தின்முன் செல்லக்கூடும்; மனச்சான்றின்முன் செல்லாது.

வைத்திருப்பது

விற்கக்கூடாது என்பவர்கள் நாபோத்தை நினைவூட்டுவர். தன் மூதாதையரின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் கேட்டபோது, வேறு தோட்டமோ பணமோ தருவதாகச் சொன்னபோதும், நாபோத்து மறுத்தார். அதற்காக உயிரையும் இழந்தார். பரம்பரைச் சொத்து என்பது வெறும் பணம் அன்று என்பதற்கு அவரைவிட வலிய சான்று இல்லை. ஆயினும் நாபோத்து மறுத்தது எல்லாம் உடைய ஓர் அரசனுக்கு. வலியவன் முன் எளியவர் தம் மண்ணைக் காத்த நிகழ்ச்சி அது. அவருடைய பெயரைச் சொல்லித் தன் உடன்பிறந்தவளின் பங்கை மறுப்பவர், தம்மையும் அறியாமல் ஆகாபின் பக்கம் போய் நிற்கிறார்.

வைத்திருப்பது என்பது பூட்டி வைப்பது அன்று. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வீடுகளும் பிற கட்டடங்களுமாக ஏறத்தாழ 2.5 கோடி, ஆளின்றிக் கிடந்தன. அதே நாட்டில்தான் பாலங்களின் அடியிலும் நடைபாதைகளிலும் குடும்பங்கள் உறங்குகின்றன. செட்டிநாட்டுப் பக்கம் சென்றவர்கள், பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய பெரிய வீடுகள் பூட்டிக் கிடப்பதைக் கண்டிருப்பர். தலைமுறை தோறும் பங்காளிகள் பெருகி, பலருக்கு உரியதாகிவிட்ட வீட்டைப் பழுது பார்க்க எவரும் முன்வருவதில்லை. இறுதியில் கதவும் நிலையும் தூணும் தனித்தனியே பெயர்க்கப்பட்டுக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. விற்க மனமில்லாமல் வைத்திருந்த வீடு கடைசியில் துண்டு துண்டாக விற்பனையாகிறது.

வீட்டைக் காப்பது சாவியன்று. அதில் புழங்கும் மனிதர்களே. அடுப்பு எரியாத வீட்டின் கூரையில் கறையான் ஏறுகிறது; கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் அரசங்கன்று வேர்விடுகிறது. 'அப்பாவின் நினைவு' என்று சொல்லிக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு மட்டும் வந்து கதவு திறப்பவர்கள், நினைவைக் காக்கிறார்களா, அது சிதைவதை வேடிக்கை பார்க்கிறார்களா என்று தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

தொடக்கத் திருச்சபையில் வைத்திருப்பதற்கு ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. நிலங்களையும் வீடுகளையும் உடையோர் அவற்றை விற்றுத் திருத்தூதர்களின் காலடியில் வைத்த அதே எருசலேமில், மாற்கின் தாய் மரியா தம் வீட்டை விற்காமல் வைத்திருந்தார். பேதுரு சிறையிலிருந்து விடுபட்டு நள்ளிரவில் வந்து கதவைத் தட்டியது அந்த வீட்டில்தான். அங்கே பலர் கூடி வேண்டிக்கொண்டிருந்தனர். அந்த வீடும் விற்கப்பட்டிருந்தால் அந்த இரவில் அவர்கள் எங்கே கூடியிருப்பார்கள்? மரியா வீட்டை வைத்திருந்தார். ஆனால் தமக்கென்று மட்டும் வைத்திருக்கவில்லை. உடைமை தனியாருக்கு உரியதாக இருக்கலாம், அதன் பயன் பொதுவாக இருக்க வேண்டும், தேவையில் இருப்போரோடு பகிர்ந்துகொள்ள மனம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று புனித அக்குவினா தோமா பதின்மூன்றாம் நூற்றாண்டில் வகுத்துரைத்த கருத்துக்கு அந்த வீடே விளக்கம் எனலாம்.

ஆகவே வீட்டை வைத்திருக்க விரும்புவோரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: அதில் யார் வாழப் போகிறார்கள்? ஊரில் இடம் இல்லாத ஓர் உறவினர், வாடகைக்கு அலையும் ஓர் இளங்குடும்பம், மாலையில் படிக்க வெளிச்சம் தேடும் பிள்ளைகள் என்று எவரேனும் அந்தக் கூரையின்கீழ் வருவார்களானால், வைத்திருப்பது அறமாகும். எவருமே இல்லையென்றால், அது பாசத்தின் பெயரைப் பூண்ட சேமிப்பு மட்டுமே.

மாற்றி அமைப்பது

மாற்றிக் கட்டுவது நடுவழியாகத் தோன்றும். வீடும் இருக்கும், காலத்துக்கும் ஏற்கும். ஆயினும் இங்கேயும் அறவினா மறைந்திருக்கிறது. யாருக்காக மாற்றுகிறோம்?

வெளிநாட்டிலிருந்து பணம் வந்தவுடன் முதலில் மாறுவது பெரும்பாலும் வீட்டின் முகம். திண்ணையை இடித்துவிட்டுக் கார் நிறுத்தக் கொட்டகை. தெருவுக்கு உயர்ந்த சுற்றுச்சுவர். அதில் பெரிய இரும்புக் கதவு. வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறவே நம் முன்னோர் திண்ணை வைத்தனர். அதை இடிக்கும்போது கல்லும் மண்ணும் மட்டுமா போகின்றன? உள்ளேயோ, முழங்கால் வலியோடு அன்னை இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் போவது அப்படியே தொடர்கிறது. படுக்கையறையை ஒட்டி ஒரு கழிப்பறை, உட்காரும் வகையில் ஒரு பீங்கான், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை. இவற்றுக்கு ஆகும் செலவு முகப்பு வேலைக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே. எனினும் இவை பட்டியலில் கடைசியில் நிற்கின்றன; ஏனெனில் இவை தெருவிலிருந்து பார்ப்போர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழைய வீட்டை மாற்றுவோர் அறிய வேண்டிய தொழில் உண்மை ஒன்றும் உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி, வெயிலில் வெளிவிட்டு, மூச்சு விடுவதுபோல் இயங்குகிறது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிவிடுகிறது. வெளியே பளபளப்பு, உள்ளே செங்கல் உளுத்துப் பொடிகிறது. வலுப்படுத்துவதாக எண்ணிச் செய்த வேலையே சுவரை அரிக்கிறது. பழைய வீடுகளைப் பழுது பார்த்துப் பழகிய கொத்தனார்கள் இதனால்தான் சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே பூச வேண்டும் என்பர். இருப்பதன் இயல்பை அறியாமல் செய்யும் சீர்திருத்தம் கேடாக முடியும் என்பது சுவருக்கு மட்டுமன்று, அச்சுவருக்குள் நெடுங்காலம் வாழ்ந்து பழகிய முதியவருக்கும் பொருந்தும். எழுபத்து நான்கு வயதில் அடுக்களையின் இடம் மாறினால், கிணற்றடியும் துளசிச் செடியும் காணாமற்போனால், அவர் தம் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவார்.

கப்பர்நாகூமில் ஒரு வீட்டின் கூரை பிரிக்கப்பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்தனர். வாசலில் கூட்டம், வழியில்லை. அவர்கள் கூரையைத் திறந்து அவரைப் படுக்கையோடு உள்ளே இறக்கினர். அந்த வீட்டுக்காரர் கூரைக்கு என்ன நட்டஈடு கேட்டார் என்று நற்செய்தி சொல்லவில்லை. நலிந்த ஒருவர் உள்ளே வருவதற்காகவே அங்கே வீடு மாற்றப்பட்டது. நம் வீடுகளில் செய்யும் மாற்றங்களுக்கும் இது ஓர் உரைகல் ஆகட்டும்: இந்த வேலையால் நலிந்தவர் எவரேனும் எளிதாக உள்ளே வருவாரா, அல்லது வெளியே தள்ளப்படுவாரா?

விற்பது

விற்பதை ஒரு துரோகமாகக் கருதுவோர் நம்மிடையே பலர். ஆனால் கடனில் மூழ்கியவர், அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேடுபவர், பிள்ளையின் படிப்புக்கு வழியில்லாதவர் ஆகியோரிடம் போய், தந்தையின் வீட்டை விற்காதே என்று சொல்வது அன்பு ஆகாது. சுவர்கள் பிள்ளைகளுக்காக எழுப்பப்பட்டன; பிள்ளைகள் சுவர்களுக்காகப் பிறக்கவில்லை. சைப்பிரசு தீவைச் சேர்ந்த பர்னபா தம் நிலத்தை விற்று அந்தப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தார். இந்தப் பர்னபாவும், வீட்டை வைத்திருந்த மரியாவின் மகன் மாற்கும் நெருங்கிய உறவினர் என்று கொலோசையர் திருமுகம் கூறுகிறது. ஒரே உறவு வட்டத்தில் ஒருவர் விற்றார், ஒருவர் வைத்திருந்தார், இருவருமே போற்றப்படுகின்றனர். விற்பதா, வைத்திருப்பதா என்பதில் புனிதம் அடங்கியிருக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அதே நூலில் அனனியாவின் கதையும் வருகிறது. அவரும் நிலத்தை விற்றவர்தாம். விற்காதிருந்தாலும் அது அவருடையதே, விற்ற பணமும் அவர் உரிமையே என்பதைப் பேதுரு தெளிவாக ஏற்றுக்கொள்கிறார். அவர் குற்றம் விற்றதிலோ, ஒரு பகுதியைத் தமக்கென வைத்துக்கொண்டதிலோ இல்லை. விலையில் ஒரு பகுதியை மறைத்து, இதுவே முழுத்தொகை என்று காட்டியதில்தான் இருந்தது. இன்று வீடு விற்பவர்கள் இதைப் படித்துவிட்டு எளிதாகக் கடந்துபோக முடியாது. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பு ஒன்று, கைக்கு வந்த தொகை வேறொன்று என்பது நம் ஊர்களில் இயல்பான பேச்சாகிவிட்டது. வரி கட்டாமல் தப்புவது ஒருபுறமிருக்க, அந்த மறைந்த தொகையிலிருந்துதான் உடன்பிறப்புகளிடையே ஐயமும் தொடங்குகிறது. அண்ணன் எவ்வளவு வாங்கினார் என்பது தங்கைக்குத் தெரியாது. தெரியாததை மனம் பெருக்கிக்கொள்கிறது.

வாங்குபவரிடமும் நமக்குக் கடன் உண்டு. உரோமைச் சிந்தனையாளர் சிசரோ, கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இந்தச் சிக்கலையே எடுத்துக்கொள்கிறார். ஒருவர் வீட்டை விற்கிறார். அது நோய் தரும் வீடு, அறைகளில் பாம்பு வருகிறது, மரங்கள் இற்றுப்போயின என்பது அவருக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விற்கலாமா? பாபிலோனியாவைச் சேர்ந்த தியோஜனிசு என்னும் அறிஞர், கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை என்றார். அவருடைய மாணவர் அந்திப்பாத்தர், சொல்லியே ஆக வேண்டும் என்றார். சிசரோ மாணவரின் பக்கமே நின்றார். தீங்கோ இழப்போ தரக்கூடிய மறைந்த குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்று அக்குவினா தோமாவும் கூறுகிறார். அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, இடியும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடு என்று விற்பது. நம் நாட்டின் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் இதையே கட்டளையிடுகிறது: தமக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாததுமான முக்கியக் குறையை விற்பவர் சொல்ல வேண்டும். ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் மூன்று குரல்கள் ஒன்றையே சொல்கின்றன. அப்படியிருக்க, விற்பதற்கு முன் ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடிப்பதை நாம் என்னவென்று சொல்வது?

பக்கவாட்டு அறையில் இருக்கும் தையற்காரரை மறந்துவிட வேண்டாம். 'ஆளில்லாத வீடாகத் தர வேண்டும்' என்று வாங்குபவர் கேட்பார். அவருக்குப் பத்திரத்தில் பங்கு இல்லை; ஆனால் இருபத்தைந்து ஆண்டு வாழ்வு அந்த அறையில் இருக்கிறது. அவருடைய வாடிக்கையாளர்கள் அந்தத் தெருவில் இருக்கின்றனர். போதிய கால இடைவெளி தருவதும், அதே பகுதியில் வேறு இடம் தேட உதவுவதும், முன்பணத்தைக் குறையின்றித் திருப்புவதும் நாம் அவருக்கு இடும் பிச்சை அல்ல. உடைமைகள் அனைத்தின்மீதும் சமுதாயத்துக்கு ஓர் ஈட்டுக்கடன் உண்டு என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1987ஆம் ஆண்டின் தம் சுற்றுமடலில் குறிப்பிட்ட கருத்து, நம் வீட்டின் வாடகை அறைவரை வந்து சேர வேண்டும்.

கேட்கப்பட வேண்டியவர்

மூன்று வழிகளையும் பார்த்தோம். ஒவ்வொன்றும் அன்பாகவும் இருக்கலாம், பேராசையாகவும் இருக்கலாம். வைத்திருப்பது விருந்தோம்பலாகவும் இருக்கலாம், பதுக்கலாகவும் இருக்கலாம். மாற்றுவது பரிவாகவும் இருக்கலாம், பகட்டாகவும் இருக்கலாம். விற்பது ஈகையாகவும் இருக்கலாம், ஏய்ப்பாகவும் இருக்கலாம். அப்படியாயின் எதைக் கொண்டு பிரித்தறிவது? அந்தக் கூரையின்கீழ் மிக எளியவராக இருப்பவர் எவரோ, அவரிடம் உண்மை சொல்லப்பட்டதா, அவர் கருத்துக் கேட்கப்பட்டதா என்பதே நாம் காணும் அளவுகோல். கேட்காமல் எடுத்த நல்ல முடிவும் ஒரு பறிப்பாகவே முடியும். கேட்டு எடுத்த முடிவில் பிழை நேர்ந்தாலும், அதை எல்லாரும் சேர்ந்து தாங்கிக்கொள்வர்.

அன்னையைக் கேட்கும்போது, விடை நமக்கு முன்பே தெரியும் என்று எண்ணுவதும் தவறு. "அம்மா இருக்கும்வரை விற்கக்கூடாது" என்னும் சொல் மிக உயர்ந்த பாசமாகத் தோன்றும். சில வீடுகளில் அது, முதியவர் ஒருவரைக் காவலாளியாக நிறுத்தி, விலை ஏறும்வரை காத்திருக்கும் ஏற்பாடாகவும் இருந்துவிடுகிறது. ஒன்பது அறையுள்ள வீட்டில் தனியாக இரவைக் கழிக்கும் அந்த அம்மாவுக்கு, மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை போதும் என்று தோன்றியிருக்கலாம். அல்லது எத்தனை வசதி செய்து கொடுத்தாலும், கோயில் மணியோசை கேட்கும் இந்தத் தெருவைவிட்டு வர மாட்டேன் என்பதே அவர் மனமாக இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? அதுவும் எல்லார் முன்னிலையிலும் ஒரே ஒருமுறை கேட்டால் போதாது. தனியே, அமைதியாக, பலமுறை கேட்க வேண்டும்.

அவசரமும் கூடாது. அரண்சூழ் நகரில் உள்ள வீட்டை விற்றவர் ஓராண்டுக்குள் அதை மீட்டுக்கொள்ளலாம் என்று லேவியர் நூல் ஒரு விதி வகுத்தது. துயரத்திலும் நெருக்கடியிலும் எடுத்த முடிவுக்கு மறுசிந்தனை வேண்டும் என்னும் அறிவு அதில் இருக்கிறது. இன்றைய பத்திரப் பதிவு அப்படி மீட்க விடாது. எனவே அந்த ஓராண்டை விற்பதற்கு முன்பே எடுத்துக்கொள்வது அறிவுடைமை. முப்பதாம் நாளில் பேச்சைத் தொடங்கலாம். முடிவை ஆண்டு நினைவுத் திருப்பலிவரை தள்ளி வைக்கலாம். அதற்குள் கடன்களும் ஆவணங்களும் தெளிவாகும். கண்ணீரும் சற்று அடங்கும்.

அன்னை தம் பங்கைப் பிள்ளைகளுள் ஒருவருக்கு எழுதிக்கொடுக்க விரும்பினால், தம் வாழ்நாள் முழுதும் அங்குக் குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நன்று. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு முதியவர் ஒருவர் எழுதிக்கொடுத்த சொத்தை, அந்தப் பராமரிப்பு மறுக்கப்பட்டால் செல்லாதென அறிவிக்கும்படி தீர்ப்பாயத்தை நாட 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் இடம் தருகிறது. அந்த நிபந்தனையை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வைப்பதே பாதுகாப்பு. பெற்ற பிள்ளையை நம்பாமல் நிபந்தனை எழுதுவதா என்று சிலர் மனம் வருந்துவர். நல்ல பிள்ளைக்கு அந்த வரி எந்தச் சுமையும் ஆகாது. அதை எழுதச் சொல்லி முதலில் வற்புறுத்த வேண்டியவரும் அந்தப் பிள்ளையே.

நாம் எண்ணிய அந்தக் குடும்பம் இறுதியில் என்ன செய்ய வேண்டும் என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவர்கள் விற்கலாம், ஒன்பதில் மூன்று பங்கு அன்னையின் பெயரிலேயே வங்கியில் இருக்கட்டும், மகளின் இரண்டு பங்கு அண்ணனின் இரண்டுக்கு ஒரு காசும் குறையாதிருக்கட்டும். அவர்கள் வைத்திருக்கலாம், அறைகளில் மனிதர்கள் வாழட்டும். அவர்கள் மாற்றிக் கட்டலாம். அன்னையின் அறையிலிருந்து வேலை தொடங்கட்டும். ஆனால் கூடத்தில் அடுத்த முறை பேச்சுத் தொடங்கும்போது, அடுக்களையிலிருந்து அவரை அழைத்து, நாற்காலியில் அமர வைத்து, முதலில் அவரைப் பேசச் சொல்லட்டும். காப்பியைப் பிள்ளைகளுள் எவரேனும் கலக்கலாம்.